வலதுபக்கச் சிவப்பு விளக்கு

நவம்பர் 11, செவ்வாய்

எழில், இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடு. துளிர் இப்போதுதான் கண்ணை மூடினாள். என் இடதுகைச் சுண்டுவிரலை விடவில்லை, நோட்டைப் பிடிக்காமல் ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் உன் மகளைத் திட்டிக்கொள். நீ கப்பலேறும்போது கேட்ட மாதிரி தினமும் எழுதி வைக்கிறேன். நீ கரையைத் தொட்டதும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவேன்.

முதலில் நல்ல சேதி. வேலை கிடைத்துவிட்டது! சேலத்துக் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். போனில் பேசிய கல்லூரி அம்மா "சுகிர்தா மேடம்தானே?" என்றார். மேடமாம்! நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கையில் துளிரின் ஈர ஜட்டி. வரும் திங்கள் காலை சேர வேண்டும். வராவிட்டால் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

காலையில் நம் மலையிலிருந்து இறங்கும் பஸ் கல்லூரி மணி அடித்த பிறகுதான் சேலம் போய்ச் சேரும். அதனால் கார்தான். செய்முறை வகுப்பு முடிந்து கிளம்பினால் இருட்டில்தான் மலையேற வேண்டும். அதுவும் இந்த மாதத்துப் பனியில்.

உன் அப்பா ஈசிசேரில் இருந்து எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார். "வண்டி எல்லா விதத்துலயும் சரியா இருந்தா நீ தாராளமா போம்மா. ஒரு குறை இருந்தாலும் கேட்டைத் தாண்டக் கூடாது. இது உணர்ச்சி இல்ல, இயற்பியல்."

உள்ளேயிருந்து அத்தை, "ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமானாலும் பெல் அடிச்ச மாதிரியே பேசுறாரு பாரு" என்றார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரோஸலின் டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "சுகி, நீ வண்டிய உள்ள விடும்போது பாத்தேன். பின்னாடி செகப்பு லைட்டுல வலது கண்ணு பொட்டையா இருக்குதே!" என்றார்.

சிரிப்பு அங்கேயே நின்றது.

நவம்பர் 12, புதன்

மாமாவுக்குத் திருவிழாதான். காலையிலேயே குரங்குத் தொப்பி, ஸ்வெட்டர், சட்டைப்பையில் டெஸ்டர். "பல்பு போயிருக்கும். பத்து நிமிஷ வேலை." முப்பது வருடம் மின்சாரப் பாடம் நடத்தியவர் வீட்டில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது அவமானமாம்.

டிக்கியைத் திறந்து, உள்ளே இருக்கும் அட்டையைப் பாதி மட்டும் நீக்கி, கையைச் சந்துக்குள் விட்டு, பல்பை அவரே மாற்றினார். "டார்ச் பிடிக்கட்டுமா மாமா?" என்றதற்கு, "வேணாம் வேணாம், எனக்குக் கையே கண்ணு" என்றார். எவ்வளவு தன்னம்பிக்கை பார்!

சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. அத்தை பின்னால் நின்று கைதட்ட, துளிரும் கைதட்டினாள். அவளுக்குக் கைதட்டத் தெரியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது! இதை நீ பார்க்கவில்லையே! சரி விடு, படம் எடுத்திருக்கிறேன்.

வண்டியைக் கிளப்பி மாமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"எரியுது... எரியுது... எரியுது..." என்று அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். "அணைஞ்சிருச்சு!"

நிறுத்தினேன். நின்றதும் எரிந்தது.

"இப்ப எரியுதுடி!"

கிளப்பினேன். அணைந்தது.

"இது வெளக்கா, இல்ல உங்கப்பன் வீட்டு மாப்பிள்ளையா? நின்னா சிரிக்குது, நடந்தா மொறைக்குது" என்றார் அத்தை. அவர் சொன்ன மாப்பிள்ளை நீதான் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான் செய்யணும். அப்பதான் எது காரணம்னு தெரியும்" என்றார். ஃபியூஸ் பார்த்தார். ஒயர் பார்த்தார். இடதுபக்கப் பல்பை வலதுக்கும் வலதுபக்கப் பல்பை இடதுக்கும் மாற்றினார். எந்தப் பல்பைப் போட்டாலும் இடதுபக்கம் சமர்த்தாக எரிகிறது. பல்பு குற்றவாளி இல்லை.

எனக்குக் கவலையாக இருக்கிறது. பின்னால் லாரி வந்து, நான் இருப்பதே அதற்குத் தெரியாமல்... வேண்டாம், அதை எழுத மாட்டேன். இன்று ராத்திரி நன்றாகப் பசித்தது. நாலு தோசை சாப்பிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. சத்தமாகச் சிரித்தால் துளிர் எழுந்துவிடுவாள் என்று தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடும்போதுதான் அணைகிறது என்றால் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்றார் மாமா. ரோஸலின் டீச்சர் ஸ்கூட்டர் ஓட்ட, அத்தை பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கத்துவது என்று ஏற்பாடு. துளிரை டீச்சர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். மாமா என் பக்கத்து சீட்டில். ஏரி ரோடு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும்.

அத்தை ஸ்கூட்டரில் ஏறியதே கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாம். பனியில் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எரியுதூ..."

"இப்பவும் எரியுதூ..."

"ஐயோ டீச்சர், மெதுவா! எரியுதூ..."

ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா எழுந்து நின்று, "எங்க எரியுதுக்கா?" என்று பதறிக் கேட்டார். அதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம். திரும்பி வரும்போது அங்கே நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். சத்தியமாக எழில், குடத்தோடு! டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்தி விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்துவிட்டோம். நேராகப் போனால் எரிகிறது. வளைவில் திரும்பினால் அணைகிறது. ஒவ்வொரு வளைவிலும் அத்தை கரெக்டாக "போச்சு!" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. வளைவுல திரும்பும்போது உள்ள தொங்கிட்டிருக்கிற எதுவும் வெளிப்பக்கமா ஆடும். அதான்."

"உள்ளே என்ன தொங்குது?"

"பொதுவா சொன்னேன்" என்றார். வீடு வந்ததும் டீ கூடக் குடிக்காமல் தோட்டத்துக்குப் போய் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், தீர்க்க முடியாத கணக்கு அவரைத் தின்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பால் காய்ச்ச எழுந்தபோது மாமா டிக்கிக்குள் இடுப்பு வரை இருந்தார். "ஈரம் இருக்கான்னு பாத்தேன்" என்றார். அதிலிருந்து வளைவிலும் எரிகிறது. துளிருக்குக் கீழ்ப்பல் தெரிகிறது. எனக்குத்தான் வயிறு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 15, சனி

வெள்ளோட்டம் என்று நானும் மாமாவும் மலையிறங்கினோம். ரோஸலின் டீச்சர் ஸ்கூட்டரில் பின்னால். முதல் கொண்டை ஊசி, எரிந்தது. இரண்டாவதில் டீச்சர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து கையை ஆட்டினார். அணைந்துவிட்டது. நிறுத்தித் தட்டினால் எரிகிறது, நாலடி போனால் அணைகிறது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, கடைத்தெருவுல ஆரோக்கியம் அண்ணன்கிட்ட காட்டிடலாம்" என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை.

ஆரோக்கியம் வண்டிக்குக் கீழே படுத்தார், எழுந்தார், "டிக்கில அந்த அட்டைய முழுசாக் கழட்டணுங்க சார்" என்றார்.

"அது வேணாம்."

"ஏனுங்க சார்?"

"பழைய வண்டி. கிளிப் உடஞ்சிரும்."

"புது கிளிப் என்கிட்ட கிடக்குதுங்க."

"அங்க நான் பாத்துட்டேன்பா. அங்க ஒண்ணுமில்ல. நீ வேற எங்கயாச்சும் பாரு."

"சார், பல் வலின்னு வந்துட்டு வாயத் தொறக்க மாட்டேன்னா நான் என்னத்த புடுங்கறது?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு டிக்கிக்கு முன்னால் நின்றார், பள்ளிக்கூட கேட்டில் லேட்டாக வருகிற பையன்களுக்காக நிற்பதுபோல. ஆரோக்கியம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மாமா டிக்கிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். திங்கள் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கல்லூரி அம்மாவுக்குப் போன் செய்து இன்னும் ஒரு வாரம் கேட்கலாமா என்று நம்பரை எடுத்து வைத்தேன். அத்தை ரசப்பொடி வறுத்துக்கொண்டே, "ஏன் கண்ணு, போகலைன்னா பரவால்லன்னு இருக்கா உனக்கு?" என்று கேட்டார். சீச்சீ, அதெல்லாம் இல்லை என்றேன்.

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழில், கொஞ்சம் உட்கார்ந்து படி. கப்பலில் பக்கத்தில் யாரும் இருந்தால் அப்புறமாகப் படி.

உன் அப்பா காலையில் வாசகர் வட்டத்துக்குப் போனார். இன்றைக்கு அவர்தான் பேச்சாளர். தலைப்பு: 'மூடநம்பிக்கையும் நாமும்.' இஸ்திரி போட்ட சட்டை, குறிப்பெழுதிய தாள், எல்லாம் தயார்.

அவர் தெருமுனை தாண்டியதும் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அட்டையை முழுசாகக் கழற்றினேன். கிளிப் ஒன்றுகூட உடையவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், விளக்குக்குப் போகிற ஒயரில், பிளக்குக்குப் பக்கத்தில், கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து தொங்குகிறது. செம்புத் தாயத்து. கட்டைவிரல் தடிமன். நல்ல கனம். வளைவில் அது ஊஞ்சலாடும்போது ஒயரை இழுக்கிறது, பிளக் நழுவுகிறது, விளக்கு அணைகிறது. கொஞ்சம் குலுக்கினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான்!

"அத்தே!" என்று கத்தினேன். குழந்தையோடு ஓடி வந்தார்.

"என்ன அத்தை இது? உள்ள கட்டினா ஒயரை இழுக்காதா? சொல்லிட்டுக் கட்டக் கூடாதா?"

அத்தை தாயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நானா? நான் கட்டுனா எதுக்குடி ஒளிச்சு வெச்சுக் கட்டுறேன்? முன்னாடி கண்ணாடியில ஊருக்கே தெரியிற மாதிரி தொங்க விட்டிருப்பேன். எனக்கென்ன பயமா?"

அதுவும் சரிதான். அப்புறம் யார்? தாயத்தைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அடுக்கடுக்காக, ஒரு சுருக்கம் இல்லாமல், செம்பு எந்த ஒயரிலும் பட்டு ஷார்ட் ஆகிவிடக் கூடாது என்று நுனிகள் இரண்டும் மூடி.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்.

உலகத்தில் எந்தப் பக்தர் தாயத்துக்கு இன்சுலேஷன் போடுவார், சொல்!

அத்தை அப்படியே டிக்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா என்னை வாசல்ல எலுமிச்சம்பழம் வெக்க விடல இந்த மனுஷன்! போன வாரம் உன் இன்டர்வியூ முடிஞ்ச கையோட கண்ணு டாக்டர்னு சேலம் போனாரே, கண்ணாடியும் மாத்தல, மருந்தும் வாங்கல, என்னடான்னு நெனச்சேன்!" கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எனக்கும் நிற்கவில்லை. நாங்கள் சிரிக்கிறோம் என்று துளிரும் சிரித்தாள், அந்த ஒற்றைப் பல்லோடு. ரோஸலின் டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு, வெளக்கு எரியுதா?" என்றார். நான் கையை மட்டும் ஆட்டினேன்.

அப்புறம் சிரிப்பு அடங்கியது. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ போறது அந்தாளுக்கு அவ்ளோ பயம் பாத்துக்கோ" என்றார் மெதுவாக. "வேணாம்னு சொல்ல வாய் வராது. சொன்னா அவரு கொள்கைக்கு ஆகாது."

வியாழக்கிழமை வளைவில் அவர் முகம் போன போக்கு இப்போது புரிந்தது. அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவிழ்த்துவிட்டால் விளக்கு எரியும். அவிழ்க்க மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் இறுக்கிக் கட்டிப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், உன்னிடம்தானே. அட்டையை அப்படியே மூடிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது எனக்கு. யாருக்கும் தெரியாது. விளக்கு சரியில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, யார்மேலும் குற்றமில்லை. துளிரோடு வீட்டிலேயே இருக்கலாம். பனியில் தனியாக ஏற வேண்டாம். இந்த வாரம் முழுக்க அந்த விளக்கு அணையும்போதெல்லாம் எனக்குப் பசித்திருக்கிறது, எரியும்போதெல்லாம் வயிறு கலங்கியிருக்கிறது. அத்தைக்கு இது எனக்கு முன்னாலேயே தெரியும்போல. கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நானே கயிற்றை வெட்டினேன். பிளக்கை அழுத்திச் செருகி, நழுவாதபடி பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினேன். மாமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அத்தை ஓடி ஓடி அலுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "எரியுது போ! எரியுது போ!" என்றார்.

மத்தியானம் மாமா பொன்னாடையோடு வந்தார். பேச்சுக்கு நல்ல கைதட்டலாம். விளக்கு சரியாகிவிட்டது என்றதும் நேராக டிக்கிக்குப் போனார். கொஞ்ச நேரம் உள்ளே குனிந்தே இருந்தார். சாப்பிடும்போது,

"ஏம்மா... அங்க உள்ள... எதாச்சும் இருந்துச்சா?"

"என்ன மாமா?"

"இல்ல. தூசி கீசி."

"இருந்துச்சு மாமா. தட்டிட்டேன்."

அத்தை சோற்றை விழுங்க முடியாமல் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார்.

நவம்பர் 17, திங்கள்

போய்விட்டு வந்துவிட்டேன்! உயிரோடு இருக்கிறேன்! கை இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே இருக்கிறது.

காலையில் மாமா கேட்டருகே நின்று, "ஒரு நாள் தள்ளிப் போடலாமாம்மா?" என்றார். காரணம் கேட்டேன். மேகத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். நான் கார்க் கதவைத் திறந்தேன். முன்கண்ணாடியில் தாயத்து தொங்கியது, டேப்போடு. விடிவதற்கு முன்னாலேயே அத்தை கட்டியிருக்கிறார், கூடவே ஒரு முழம் மல்லிகை.

மாமா பார்த்தார். அத்தை வானத்தைப் பார்த்தார். நான் துளிரின் சாக்ஸைச் சரி செய்தேன்.

"ரோட்டை மறைக்காத மாதிரி சுருக்கிக் கட்டிக்கோம்மா. பார்வை முக்கியம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். துளிர் அழுதாள். நான் கேட்டைத் தாண்டிய பிறகு அழுதேன்.

வகுப்பைப் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். ஒரு பெண் ஃபெர்ன் இலையைத் தலைகீழாக வரைந்திருந்தாள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அடிவாரத்திலேயே பனி. மேலே ஏற ஏற வெள்ளைப் போர்வைக்குள் நுழைந்த மாதிரி. இரண்டாவது கியரில் ஊர்ந்தேன். பின்னால் ஒரு பஸ் வந்தது. நான் பயந்த அதே காட்சி: கண்ணாடி முழுக்க அதன் விளக்கு. சேர்ந்தாற்போல இரண்டு வளைவு அது என் பின்னாலேயே வந்தது. முடியவில்லை எழில். அகலமான ஒரு இடத்தில் ஓரம் கட்டி, போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். பஸ் போகவில்லை. அதுவும் நின்றது. கண்டக்டர் படியில் இறங்கிக் கத்தினார்.

"மேடம், நிக்காதீங்க, போங்க போங்க!"

"நீங்க முன்னாடி போங்கண்ணா, நான் மெதுவாத்தான் வருவேன்!"

"ஐயோ, வேணாங்க மேடம்! இந்தப் பனியில டிரைவரு உங்க செகப்பு லைட்டப் பாத்துத்தான் ரோட்டையே புடிக்கிறாரு. அதுபோக, முன் சீட்டுல ஒரு பெருசு ஒக்காந்துக்கிட்டு, ஓவர்டேக் எடுத்தா குதிச்சிருவேன்னு உசுர வாங்குது. நீங்க போங்க தாயே!"

ஒரு பஸ் நிறைய ஜனம் என் விளக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறது! வயிறு கலங்கவே இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஹாரன் அடித்தேன், பின்னால் பஸ்ஸும் அடித்தது. துளிருக்குப் பாடுகிற யானைப் பாட்டை எனக்கு நானே சத்தமாகப் பாடிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தேன்.

நம் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். பஸ்ஸும் நின்றது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. முன் படியில் இருந்து குடையோடு ஒரு குரங்குத் தொப்பி இறங்கியது.

"மாமா!"

அவர் நேராகக் காரின் பின்பக்கம் வந்து, குனிந்து, விளக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் எரிஞ்சுது. எல்லா வளைவுலயும்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பிரேக் மட்டும் தேவைக்கு அதிகமா பிடிக்கிற" என்றார்.

வாசலில் அத்தை, "வாசகசாலைக்குப் போறேன்னு மத்தியானமே கெளம்புனவரு! எங்கடா ஆளக் காணோம்னு பாத்தா!" என்று இடுப்பில் கை வைத்தார். பஸ் புறப்படும்போது கண்டக்டர் தலையை நீட்டி, "பெரியவரே, நாளைக்கும் அடிவாரத்துல சீட்டுப் புடிச்சு வெக்கவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மாமா குடையை விரித்துக்கொண்டார், மழையே இல்லாமல்.

அவர் நாளைக்கும் போவார் என்றுதான் தோன்றுகிறது. ஸ்வெட்டரை இப்போதே எடுத்து வைத்திருக்கிறார். அடிவாரத்துப் பனியில் என் வண்டி வரும்வரை அப்படிக் காத்து நின்றால் அவருக்கு இளைப்பு வரும். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். உன் கப்பல் நாளை கரையைத் தொடும் என்றாயே, விடிந்ததும் இந்தப் பக்கங்களை அனுப்பிவிடுகிறேன். படித்ததும் தாமதிக்காமல் பதில் எழுது, எழில்.